தெளிவு பத்துக்குப் பத்து

ஜன்னல் சீட்டை நீங்களே வச்சிக்கிடுங்க சார். எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. இந்த ஃபைல் மட்டும் மடியில இருக்கட்டும், மேல வைக்கப் பயமா இருக்கு. நீங்க மெட்ராஸ் வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எங்க கப்பல் கம்பெனி ஆபீஸ்ல ஒரு விசாரணை.

என்ன விசாரணையா? சொல்லுதேன், ஆனா சத்தமாப் பேசக் கூடாது. ரெண்டு சீட்டு முன்னால, முகத்துல துண்டைப் போட்டுத் தூங்குதாரு பாருங்க, பச்சைச் சட்டை. அவரு மேலதான் விசாரணை. புகார் குடுத்தது நான். ரெண்டு பேருக்கும் ஒரே ரயில்ல, ஒரே பெட்டில டிக்கெட் போட்டிருக்காங்க. எங்க ஆபீஸ் எதையும் யோசிச்சுத்தான் செய்யும்.

அவரு பேரு கஸ்பார். ஊரு மணப்பாடு. எங்க கப்பல்ல போசன். போசன்னா கயிறு, சங்கிலி, பெயிண்ட்டுன்னு மேல்தளத்துல வேலை பாக்குற ஆளுகளுக்கெல்லாம் தலைவர். முப்பத்தொரு வருசம் கடல்ல இருந்த மனுசன். நான் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த ஆளு. எட்மண்ட் மோத்தா, தூத்துக்குடி. அவரைவிட பதினேழு வயசு சின்னவன், அதனால 'அண்ணே'ம்பேன். அவரு என்னைய 'சாப்'ம்பாரு. கப்பல்ல ஆபீசர்களை அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. மரியாதைக்கு ஒரு குறையும் கெடையாது. அப்பிடி மரியாதையா இருந்த மனுசன் என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டாரு சார். நெஞ்சுல கைய வச்சு. நாலு பேரு பாக்க.

இருங்க, மொதல்லருந்து வாரேன். இல்லன்னா உங்களுக்கு நான் என்னமோ வீண் சண்டை வளக்குற ஆளுன்னு தோணும்.

போன வருசம் எங்க கம்பெனி ஒரு கணக்கெடுப்பு எடுத்துச்சு. எங்க கப்பல்கள்ல சின்னச் சின்ன விபத்து கூடிக்கிட்டே போகுது, ஏன்னு பாக்கணும்னு. பாத்தா, ஆளுகளுக்குக் கவனம் சிதறுது. ஏன் சிதறுதுன்னு பாத்தா, தூக்கம் பத்தல. அதுக்கு முந்தின வருசம்தான் கப்பலுக்கு இருபத்தி நாலு பேரை இருபத்திரெண்டாக் கொறைச்சிருந்தாங்க. அது வேற விஷயம். ஆக, நல்லா யோசிச்சு, ஆளுகளுக்கு மனசைக் குவிக்கக் கத்துக் குடுக்கணும்னு கம்பெனி முடிவெடுத்துச்சு.

பம்பாய்லருந்து ஷெனாய் மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கி. படகுல வந்து ஏணியில ஏறின கையோட அவங்களுக்குத் தலை சுத்தல். மடியில வாளியை வச்சிக்கிட்டே, எந்த நிலமையிலயும் மனசு கலங்காம முடிவெடுக்கிறது எப்பிடின்னு மூணு மணி நேரம் கிளாஸ் எடுத்தாங்க. நடுவுல நாலு தடவை நிறுத்தினாங்க. நான் ஒரு வார்த்தை விடாம எழுதிக்கிட்டேன். நம்ம ஆளுக பாதிப் பேரு கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. மேடத்துக்கு ரொம்ப சந்தோசம். எங்க குக்கு லேசாக் குறட்டையே விட்டாரு. 'எவ்வளவு ஆழமாப் போயிட்டாரு பாருங்க'ன்னாங்க.

மேடம் சொல்லிக் குடுத்த முறை ரொம்ப எளிசு சார், உங்க தொழிலுக்கும் ஆகும். எந்த முடிவு எடுக்கறதுக்கு முன்னாலயும் நில்லு. கண்ணை மூடு. பத்து மூச்சு இழுத்து விடு. மூணு வழி யோசி. அப்புறம் முடிவெடு. இதுக்கு ஒரு மஞ்சள் அட்டை. ஆளுக்குத் தினம் ஒண்ணு நிரப்பணும். 'இன்று என் மனத்தெளிவு' அப்பிடின்னு ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் கட்டம் இருக்கும், ஒண்ணுல டிக் பண்ணணும். அதுக்குக் கீழ 'கவலை ஏதேனும் உண்டா?' அதுக்கும் கீழ கையெழுத்து. எந்தக் கப்பல் அதிகத் தெளிவோ அதுக்கு மாசா மாசம் விருது. அந்தக் கப்பல்ல இதுக்குப் பொறுப்பான ஆபீசருக்குச் சீக்கிரமே பதவி உயர்வு. எங்க கப்பல்ல பொறுப்பு என்கிட்ட வந்துச்சு.

வேலை முடிஞ்சதும் தினம் ஒரு மணி நேரம் எல்லாரையும் சாப்பாட்டு ஹால்ல உக்கார வச்சு மூச்சுப் பயிற்சி. அந்த ஒரு மணி நேரத்தை ஓய்வு நேரம்னே பதிவேட்டுல எழுதிருவேன். மனசுக்கு ஓய்வுதானே சார் அது? கஸ்பாரண்ணன் மொத வாரமே வந்து நின்னாரு. "சாப், இந்த ஒரு மணி நேரம் கட்டையைச் சாச்சம்னா புத்தி தானாத் தெளிஞ்சிரும்"னாரு. "அண்ணே, தூக்கம் வேற, தெளிவு வேற"ன்னேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா சாப்?"னாரு. "நான் கறி வைக்கச் சொல்லல அண்ணே, ஏட்டைத்தான் நிரப்பச் சொல்லுதேன்"னேன். கயிறு சுத்தப் போயிட்டாரு.

அட்டையை மொதல்ல ஆளுகளே எழுதினாங்க. அங்கதான் வம்பு வந்துச்சு. ஒருத்தன் தெளிவு நாலுங்கான், ஒருத்தன் மூணுங்கான். கஸ்பாரண்ணன் என்ன எழுதினாரு தெரியுமா? 'தெளிவு: ரெண்டு. கவலை: தூக்கம். முன்பக்கத்துப் பழைய கயிறு.' ஒரு போசன் எழுதுற எழுத்தா இது? அந்த மாசம் எங்க கப்பல் கடைசி. ஏன் இப்பிடின்னு ஆபீஸ்லருந்து எனக்கு மெயில் வருது. தூக்கம் ஏன் இல்லன்னு கேக்கல, மதிப்பெண் ஏன் இல்லன்னு கேட்டாங்க.

அப்பத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பத்து மூச்சு விட்டு, மூணு வழி யோசிச்சு, முறைப்படி எடுத்த முடிவு. எழுத்து வேலை இனி நம்ம வேலை, ஆளுகளுக்கு எதுக்குச் சிரமம்? அவரு அட்டையையும் நல்ல எழுத்துல திருப்பி எழுதினேன். 'தெளிவு: ஒம்பது. கவலை: இல்லை.' அதுக்கப்புறம் எல்லாம் நான்தான். ஒண்ணாந்தேதி உக்காந்தா ஒரே இருப்புல மாசம் பூரா முடிச்சிருவேன். இருபத்திரெண்டு பேரு, முப்பது நாளு, அறுநூத்தி அறுபது அட்டை. ஏழு பேனா வச்சிருக்கேன். இந்தா பாருங்க, சட்டைப்பையில. மூணு நாலு பேருக்கு ஒரு பேனா, ஆளுக்கு ஒரு சாய்வு. குக்கு எழுத்து வலப்பக்கம் சாயும், எஞ்சின் ரூம் ஆளுக எழுத்துல கொஞ்சம் அழுக்கு இருக்கும், அதுக்கு விரல்ல கிரீஸ் தொட்டுக்கிடுவேன். செய்யிறதைத் திருந்தச் செய்யணும் சார்.

பலன் கெடச்சுதா இல்லியா? கெடச்சுது. நவம்பர் மாசத்துக்கு எங்க கப்பல்தான் மொதல். கடிதம் வந்திருக்கு, லேமினேசன் பண்ணிக் கொண்டு வந்திருக்கேன். அதுல குறிப்பாப் போட்டிருக்காங்க பாருங்க, 'நவம்பர் பதினான்காம் தேதி ஊழியர் அனைவரும் காட்டிய மனத்தெளிவு, இந்த ஆண்டிலேயே எங்கள் எல்லாக் கப்பல்களுக்கும் முன்மாதிரி'. சராசரி ஒம்பது புள்ளி எட்டு. அன்னைக்கு எனக்குப் பத்து. ஆபீஸ்ல அந்த நாளு மதிப்பெண்ணைப் படம் போட்டு மாட்டியிருக்காங்களாம்.

கோவில்பட்டி வந்துட்டு. கடலை மிட்டாய் வாங்குவோமா? வேண்டாமா? சரி.

அந்த நவம்பர்லதான் எல்லாம். கனடாவுல கோதுமை ஏத்திக்கிட்டு ஜப்பானுக்குப் போறோம். வழியிலயே ஆளுக முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டாங்க. எதுக்குன்னு நெனைக்கீங்க? பிரியாணிக்கு! சிரிக்காதீங்க. பசிபிக் நடுவுல ஒரு கோடு இருக்கு, கோடுன்னா கண்ணுக்குத் தெரியாது. மேற்க பாத்து அதைத் தாண்டினா காலண்டர்ல ஒரு நாள் காலி. செவ்வாய்க்கிழமை படுத்தா வியாழக்கிழமைதான் எழும்பணும். நடுவுல புதன் வரவே வராது. எங்க கப்பல்ல புதன்கிழமைதான் கோழி பிரியாணி. புதன் போனா பிரியாணியும் போச்சு. வியாழக்கிழமை போடச் சொல்லி ஆளுக கேக்காங்க. கேப்டன் நம்மகிட்ட விட்டாரு. நான் ஒரு மணி நேரம் கூட்டம் போட்டு, மூணு வழி யோசிச்சு, அடுத்த புதன்கிழமை பரிசீலிக்கலாம்னு முடிவெடுத்தேன். அஞ்சு நாளு ஒருத்தனும் முகம் குடுத்துப் பேசல.

அந்தக் கடுப்புலதான் கஸ்பாரண்ணன் தள்ளிட்டாருன்னு நான் புகார்லயே எழுதியிருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். இருபத்திரெண்டாம் தேதி ஜப்பான்ல கப்பலைக் கரையில கட்டுதோம். முன்பக்கத்துக்கு நான் பொறுப்பு. என்கூட கஸ்பாரண்ணன், இன்னும் மூணு பேரு. காத்து சுழட்டிச் சுழட்டி அடிக்கி. கயிறு கரையில மாட்டி வின்ச்சுல, அதான் கயிறு சுத்துற மெசின்ல, இழுத்தாச்சு, கப்பல் ஒரு பக்கம் இழுக்கி, கயிறு ஒரு பக்கம் இழுக்கி. கஸ்பாரண்ணன், "சாப், கயிறு முனங்குது, லூஸ் விடணும், அங்கன நிக்காதீங்க"ன்னாரு. இது முக்கியமான முடிவுல்லா? லூஸ் விட்டா கப்பல் விலகும். விடாட்டா கயிறு போகும். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே மேடம் சொல்லிக் குடுத்தது? நின்னேன். கையத் தூக்கி எல்லாரையும் நிக்கச் சொன்னேன். கண்ணை மூடினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. அவரு என்னமோ கத்துதாரு. நான் கலங்கல. நாலு. அஞ்சு. ஆறாவது மூச்சு உள்ள போகுது, நெஞ்சுல மடார்னு ஒரு தள்ளு! மல்லாக்க விழுந்தேன் சார். ஆபீசரை!

தள்ளிட்டு நேர வின்ச்சுக்கு ஓடுதாரு, உத்தரவு இல்லாம. பிரேக்கைத் திறக்குதாரு, உத்தரவு இல்லாம. அதுக்குள்ள கயிறு அறுந்துட்டு. கப்பல் மூக்கு போய்க் கரையில இடிச்சு, அங்கன இருந்த ரப்பர்த் தடுப்பு பிஞ்சிட்டு. ஆளுக யாருக்கும் ஒண்ணும் இல்ல. அறுந்த கயிறு வந்த வேகத்துல, நான் நின்ன இடத்துக்குப் பின்னால கைப்பிடி இருந்துச்சு பாருங்க, இவ்வளவு கனத்த இரும்புக் குழாய், அது அப்பிடியே வளைஞ்சு போச்சு. என் நெஞ்சு உயரத்துல. அது வேற விஷயம். நான் கேக்கது, நாலு மூச்சுதானே பாக்கி இருந்துச்சு, அந்த மனுசனுக்குப் பொறுமை வேண்டாமா?

கயிறு பழசுன்னு அவரு முன்னாலயே சொன்னதா அந்த மூணு பயலுகளும் இப்பச் சொல்லுதானுக. சொன்னா ஆச்சா? எழுத்துல எங்க? இந்த அறுநூத்தி அறுபது அட்டையையும் நீங்களே பொரட்டிப் பாருங்க, கயிறுன்னு ஒரு வார்த்தை உண்டா? 'கவலை: இல்லை.' 'கவலை: இல்லை.' அவரு பேருல முப்பது அட்டை, முப்பதுலயும் அதான். இருபத்திரெண்டாம் தேதி காலைலகூட தெளிவு ஒம்பது. காலைல ஒம்பது தெளிவா இருந்த மனுசன் சாயங்காலம் ஆபீசரைத் தள்ளுதாருன்னா அது வேணும்னு செஞ்சதா இல்லியா? இதுதான் நாளைக்கு நான் கேக்கப் போற கேள்வி.

விபத்து நடந்த மாசத்துக்கே விருதான்னு கேக்கீங்களா? அதையேதான் என் வீட்டுக்காரியும் கேட்டா. விபத்துப் பிரிவு ஆபீஸ்ல மூணாவது மாடி சார், விருதுப் பிரிவு அஞ்சாவது மாடி.

நாளைக்கு இது முடிஞ்சா அடுத்த மாசம் எனக்குக் கேப்டன் பதவி. அவருக்கா? அவரைக் கப்பல்லருந்து எடுத்துருவாங்க. ஆபீசர் மேல கைய வச்சவன்னு எழுதிட்டா எந்தக் கம்பெனியும் ஏத்தாது. ஐம்பத்தஞ்சு வயசு, கயிறையும் கடலையும் விட்டா வேற தொழில் தெரியாது. பாவம்தான், நான் இல்லங்கல. ஆனா விளக்கம் கேட்டு ஆபீஸ் எழுதினதுக்கு அவரு என்ன பதில் குடுத்தாரு தெரியுமா? ஒரே வரி. 'ஆமா, தள்ளினேன்.' காரணம் ஒண்ணும் போடல. இப்பிடி ஒரு ஆளுக்கு யாரு என்ன செய்ய முடியும்?

என்ன கேட்டீங்க? எந்தப் புதன்? பிரியாணி இல்லாமப் போச்சே, அதுவா? அது... இருபத்திரெண்டு வியாழக்கிழமை. அப்ப அதுக்கு முந்தின வியாழன் பதினஞ்சு. செவ்வாய் பதிமூணு.

இருங்க.

பதினாலு.

இல்ல சார், அது எப்பிடி? இருங்க, ஃபைலைப் பாக்கேன். பன்னெண்டு, பதிமூணு... இந்தா. பதினாலு, புதன். இருபத்திரெண்டு அட்டை. குக்கு, பத்து. கேப்டன், பத்து. நான், பத்து. கஸ்பார், ஒம்பது, கவலை இல்லை. அன்னைக்குத்தான் எல்லாருக்கும் கூட மதிப்பெண் போட்டேன், மாசத்துக்கு ஒரு நாளாவது ஏறட்டும்னு. ஆபீஸ்ல படம் போட்டு மாட்டியிருக்காங்க சார். நாங்க யாரும் அன்னைக்கு இல்லவே இல்ல. அன்னைக்குன்னு ஒண்ணே இல்ல.

கிழிச்சிரலாமா? ம்ஹூம். கடிதத்துல தேதி இருக்கே. நகல் ஆபீஸ்ல இருக்கு. இதை ஒருத்தன் பாத்தான்னா மொத்த ஃபைலும் யாரு எழுதினதுன்னு தெரிஞ்சிரும். ஆனா யாரு பாக்கப் போறா? இத்தன நாளு அஞ்சாவது மாடில ஒருத்தரும் பாக்கலியே. ரயில்ல ஏறின நீங்க பாத்துட்டீங்க.

ஒருத்தருக்குத் தெரியும் சார். இப்பத்தான் ஞாபகம் வருது. ஒண்ணாந்தேதி நான் எழுதிக்கிட்டு இருக்கேன், கஸ்பாரண்ணன் கயிறு மாத்துறது பத்திக் கேக்க வந்தாரு. மேசையில கிடந்த அட்டையைக் குனிஞ்சு பாத்தாரு. "சாப், இந்த மாசம் நமக்கு ஒரு நாள் கொறையும்லா? புதன் வராதுல்லா?"ன்னாரு. நான் தலையைத் தூக்காம, "எதுன்னாலும் அட்டைல எழுதிக் குடுங்கண்ணே"ன்னேன்.

அவருக்குத் தெரியும். எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்னு தெரியும். நாளைக்கு இந்த ஒரு அட்டையை எடுத்துப் போட்டா அவரு தப்பிச்சிருவாரு, நான் காலி. அந்த ஒத்தை வரிக்குப் பதிலா இதை எழுதியிருக்கலாம்லா? ஏன் எழுதல?

எழும்பிட்டாரு. இங்கதான் வாராரு. நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார், நானே கேக்கேன். அண்ணே... இல்ல, சாப்பிடல. இங்கன கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணு கேக்கணும். அந்தப் புதன்கிழமை... ஆமா, அதான். ஏன் நீங்க ஆபீசுக்கு...

போயிட்டாரு. கேட்டீங்கள்லா அவரு சொன்னதை? நல்லாக் கேட்டீங்களா? எனக்குச் சரியாக் கேட்டுச்சான்னு தெரியல. "உங்களைத் தள்ளினது நெசந்தான சாப். அதை எப்பிடி இல்லங்கது? தள்ளாட்டா நீங்க இருக்க மாட்டீங்க. அதை நானே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவ்வளவுதான். கோவமே இல்ல சார் அவருகிட்ட. இன்னும் நான் சொல்லுவேன்னுதான் இருக்காரு. அந்தா, திரும்பத் துண்டைப் போட்டுட்டாரு. தூங்கிட்டாரு பாருங்க.

எனக்குப் பிள்ளை ரெண்டு சார். அந்தக் குழாயை நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், யாருக்கும் காட்டல. வீட்டுலயும் காட்டல. கைய வச்சுப் பாத்தேன் அன்னைக்கு, சரியா இங்க, இந்த உயரம். அது வேற...

வெத்து அட்டை ஒண்ணு ரெண்டு பின்னால இருக்கும். இருக்கு. இருபத்திரெண்டாம் தேதிக்கு எனக்குன்னு ஒண்ணு எழுதணும். நடந்தது நடந்தபடி. கயிறு, அட்டை, மூச்சு, குழாய், எல்லாம். உங்ககிட்ட பேனா இருக்கா சார்? என்கிட்ட ஏழு இருக்கு, ஆனா ஏழும் மத்தவங்க பேனா.

குடுங்க. நல்லா எழுதுது. தேதி இருபத்திரெண்டு. பேரு எட்மண்ட் மோத்தா. கவலை உண்டா? உண்டு. தெளிவு...

சார், இதுல கட்டம் ஒண்ணுலருந்துல்லா ஆரம்பிக்கி. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லியே. ஓரத்துல எழுதினா செல்லுமா?